அடுத்த இலக்கம்

கண்டி வழியாக வரும் புகையிரதப் பாதை 1880இல் மாத்தளையை எட்டியது. அங்கேயே தண்டவாளம் முடிகிறது. அந்தக் கடைசி நிலையத்துச் சன்னலில் நெடுங்காலம் கொடுத்துவந்த சீட்டு, விரல் நீளத் தடித்த அட்டை. அதன் முகத்தில் ஊர்ப் பெயர், கட்டணம், ஓரத்தில் ஒரு வரிசை இலக்கம். 1830களில் இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிபர், கையால் எழுதிக் கொடுத்த சீட்டுகளால் சலித்துப்போய் அச்சிட்ட இலக்கத்தோடு அட்டைகளை அடுக்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகத்துக் கோச்சிப் பாதைகள் பல அதை எடுத்துக்கொண்டன. காலையில் அடுக்கின் முன்னால் நின்ற இலக்கத்தை மாலையில் நிற்கும் இலக்கத்திலிருந்து கழித்தால் விற்றது எத்தனை என்று தெரிந்துவிடும். பெட்டியில் உள்ள காசு அந்தக் கழித்தலோடு ஒத்துவர வேண்டும். ஒரு அட்டை குறைந்தால் அதிபர் பதில் சொல்ல வேண்டும்.

தரவுத்தளத்தில் அட்டவணை ஒன்றை அமைக்கும்போது முதல் வரியில் நாம் யோசிக்காமல் எழுதிவிட்டுப் போகும் ‘ஓட்டோ இன்கிரிமென்ட்’, பார்வைக்கு இந்த அட்டைச் சீட்டின் வம்சம்தான். 1, 2, 3 என்று தானாக ஏறும், நிரைக்கு ஒன்று, அதுவே முதன்மைச் சாவி. ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் குணத்தில் இரண்டும் எதிரெதிர். சீட்டின் இலக்கம் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லும். தரவுத்தளத்தின் இலக்கம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: இதை இதற்கு முன் எவருக்கும் கொடுத்ததில்லை. இடைவெளி இல்லாமல் வருவேன் என்றோ, வந்த ஒழுங்கைக் காட்டுவேன் என்றோ, மொத்தம் எத்தனை என்று அறிவிப்பேன் என்றோ அது வாக்குக் கொடுப்பதே இல்லை. இவ்வளவு குறைவாக வாக்களிப்பதால்தான் அந்த ஒன்றை அதனால் அழகாகக் காப்பாற்ற முடிகிறது.

மாத்தளை நகரில் மிளகு வாங்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா, கொக்கோ எல்லாம் இந்த மாவட்டத்தின் சரக்கு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இங்கேதான். உக்குவளையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவப் பக்கமிருந்தும் ஆட்கள் மூட்டையோடு வருகிறார்கள். அவர்களைக் கணினியில் எதை வைத்து அடையாளம் காண்பது? பெயரை வைத்தால், ஒரே தோட்டத்தில் மூன்று முத்தையாக்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கே பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, சிங்களத்தில் எழுதியதைத் திரும்பத் தமிழில் எழுதும்போது மூன்றாவது. தொலைபேசி இலக்கம் என்றால், ‘சிம்’மை மாற்றிவிடுவார், கைவிட்ட இலக்கம் சில காலம் கழித்து வேறொருவர் கைக்குப் போகும்.

அப்படியானால் தேசிய அடையாள அட்டை இலக்கம். புத்திசாலித்தனமான விடை, அந்த இலக்கமும் சாமானியமானதல்ல, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வேலைப்பாடு. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. இதில் ஒரு நுணுக்கம்: எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியில் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே லீப் ஆண்டோ இல்லையோ, மார்ச் முதலாம் திகதி எப்போதும் 061தான். இதை அறியாமல் செய்நிரல் எழுதிய இளைஞர்களின் திரையில், பெப்ரவரிக்குப் பின் பிறந்தவர்கள் லீப் அல்லாத ஆண்டுகளில் ஒரு நாள் பிந்திப் பிறந்துவிடுவார்கள். அதற்கடுத்த மூன்றும் வரிசை இலக்கம், ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’. வாக்குரிமை உள்ளவருக்கு ‘வீ’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’ என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள்.

2016 தொடக்கத்தில் இது 12 இலக்கமாக விரிந்தது. 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள், அப்போது அட்டை பெறும் வயதான 16ஐ எட்டிய ஆண்டு அது. ஆண்டுக்கு இரண்டு இடம் இனிப் போதாது. ஆகவே ஆண்டு நான்கு இலக்கம், வரிசை இலக்கமும் மூன்றிலிருந்து நான்கு, எழுத்து உதிர்ந்துவிட்டது. பழையதைப் புதியதாக மாற்றும் சூத்திரத்தில் ஒரு கைத்திறன் தெரிகிறது: முன்னால் 19 சேர், முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 செருகு, எழுத்தை விடு. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் நிரலை அகலப்படுத்துவது எப்படி என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

என்றாலும் நம் மிளகுக் கடைக்கு இதை முதன்மைச் சாவியாக வைத்திருந்தால் அன்றைக்குத் தலைவலிதான். ஒரே ஆளுக்குப் பழையது ஒன்று, புதியது ஒன்று. கொள்முதல் அட்டவணை, முற்பண அட்டவணை, சாக்குக் கணக்கு என்று அந்தச் சாவி அந்நியச் சாவியாகப் போய் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் தேடித் திருத்த வேண்டும். இலக்கத்துக்குள் பொருளை வைத்தால் பொருள் மாறும் நாளில் இலக்கமும் மாற வேண்டியிருக்கிறது. வாக்குரிமையைச் சாவிக்குள் வைப்பது என்ன விளைவைத் தரும் என்பதை மலையகத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பறித்ததற்கு, கடைசித் தொகுதி ஆட்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு எழுத்துக்குப் பின்னால் 55 ஆண்டுகள்.

தமிழர் கழுத்தில் ஒரு காலத்தில் முதன்மைச் சாவியே தொங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க ‘டின் டிக்கட்’ என்ற தகர வில்லை வந்தது. அதில் தோட்டத்தின் பதிவு இலக்கமும் ஆளின் வரிசை இலக்கமும் பொறித்திருக்கும். தரவுத்தளக்காரர் மொழியில் இது கூட்டுச் சாவி. வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் பற்றில் எழுதுவது, ஆளை எங்கே அனுப்புவது என்பதை அந்த வில்லையே சொல்லிவிடும். அமைப்பாகப் பார்த்தால் பழுது சொல்ல முடியாது. அந்தச் செம்மைதான் உறுத்துகிறது. வில்லை வருமுன் மன்னார்ப் பக்கம் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்துவந்தவர்களுக்கு எந்த இலக்கமும் இல்லை. அந்த வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தானாக ஏறும் இலக்கத்தின் முதல் நயத்தை நான் இங்கேதான் காண்கிறேன். 57 என்பது ஆணா பெண்ணா, எந்தத் தோட்டம், வாக்குண்டா இல்லையா என்று எதையும் சொல்லாது. தொடர்புசார் தரவுத்தளத்தின் மூலவரான எட்கார் கொட் 1970இல் தன் மாதிரியை முன்வைத்தார். 1979இல் எழுதியபோது, ஒரு பொருளுக்குப் பதிலாள் போல நிற்கும் சாவியைத் தரவுத்தளமே உண்டாக்க வேண்டும், அதன் மதிப்பில் பயனாளர் கை வைக்கக்கூடாது என்றார். யார் கையும் படாத, எந்தச் செய்தியும் ஏறாத பதிலாள்.

இனிச் சாவி பிறக்கும் கணத்தைப் பார்ப்போம். மிளகுப் பருவம். கடையில் இரண்டு எழுதுநர்கள், இரண்டு கணினிகள். முதலாமவர் ஒரு கொள்முதலைத் தொடங்குகிறார். தரவுத்தளம் 418ஐக் கொடுக்கிறது. அவர் ஈரப்பதம் பார்த்து, விலை பேசி முடிப்பதற்குள் இரண்டாமவர் தொடங்குகிறார், அவருக்கு 419. விலை படியாமல் முதல் ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட, எழுதுநர் எல்லாவற்றையும் இரத்துச் செய்கிறார். எடை, தொகை, பெயர் என்று அந்தப் பரிவர்த்தனையில் எழுதிய அத்தனையும் சுவடில்லாமல் பின்வாங்கும். இலக்கம் மட்டும் பின்வாங்காது. 418 போனது போனதுதான். அடுத்தவருக்கு 420.

புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பிழை என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் இதுதான் முழு அமைப்பின் மையம். 418 திரும்பி வரக்கூடும் என்றால், முதலாமவர் முடிவெடுக்கும் வரை இரண்டாமவருக்கு இலக்கம் கொடுக்க முடியாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக. ஓர் எண்ணை வீணாக்குவதால் ஒருவரும் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணுக்கு விலை கிடையாது, காத்திருப்புக்கு உண்டு. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று பரிவர்த்தனைக்கு அவ்வளவு கறாராக விதி எழுதியவர்கள், அந்த விதிக்கு வெளியே, இலக்கம் வழங்கும் எண்பொறியை மட்டும் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கம். தனக்குக் கிடைத்த இலக்கம் எது என்று எழுதுநரின் திரைக்குத் தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த அட்டவணையில் எடை விவரத்தை எழுத முடியும். அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கேட்டால் பக்கத்து மேசைக்காரரின் 419 வந்து விழும். ஒருவரின் மிளகு இன்னொருவர் கணக்கில் ஏறும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் ‘லாஸ்ட் இன்சர்ட் ஐடி’, போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றின் ‘கர்வால்’ இரண்டும் அந்தந்த இணைப்புக்கு மட்டுமே பதில் சொல்லும். எத்தனை பேர் எத்தனை இலக்கம் வாங்கினாலும், உங்கள் கேள்விக்கு உங்கள் 418தான் விடை.

பெரியது பிந்தியது என்று நம்புகிறவர்களை இந்த இலக்கம் மெதுவாகக் கவிழ்க்கும். 418 பேரம் பேசிக்கொண்டிருக்கையில் 419 முடிந்து பதிவாகிவிடும். அந்த இடைவேளையில் தம்புள்ளைக் கிளையின் கணினி வந்து, ‘கடைசியாக நான் பார்த்த இலக்கத்துக்கு மேலே உள்ளதெல்லாம் கொடு’ என்று 419 வரை அள்ளிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். பிறகு 418 பதிவானால் அது தம்புள்ளைக்கு ஒருபோதும் போய்ச்சேராது. அடுத்த முறை கேள்வி 419க்கு மேலே இருந்துதானே தொடங்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இலக்கத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஒழுங்கைப் பற்றி அது வாய் திறந்ததே இல்லை.

கிளை என்றதும் நினைவுக்கு வருவது. மாத்தளையிலும் தம்புள்ளையிலும் தனித்தனித் தரவுத்தளம், இரண்டும் பின்னர் கலக்க வேண்டும் என்றால் இலக்கங்கள் மோதாமல் இருக்க மைஎஸ்கியூஎல்லில் இரண்டே அமைப்புகள் போதும்: எத்தனை எத்தனையாக ஏறுவது, எங்கே தொடங்குவது. இரண்டிலும் இரண்டிரண்டாக ஏறச் சொல்லி, மாத்தளையை 1இலும் தம்புள்ளையை 2இலும் தொடங்கினால் ஒற்றைப்படை முழுதும் இவருக்கு, இரட்டைப்படை முழுதும் அவருக்கு. நடுவில் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. முடிவில்லாத ஒன்றைச் சரிபாதியாகப் பங்கிட்டாலும் இருவருக்கும் முடிவில்லாததே கிடைக்கிறது என்ற கணிதம், இங்கே கடைச் சாமானாகப் புழங்குகிறது. (மூன்றாவது கிளை திறக்கும் நாளைப் பற்றி முன்பே யோசிக்காதவர்கள் அன்றைக்குப் படும் பாடு வேறு கதை.)

மின்சாரம் போகும்போது எண்பொறியின் சுபாவம் இன்னும் தெளிவாகத் தெரியும். கொடுத்த ஒவ்வொரு எண்ணையும் வட்டில் எழுதிவைத்தால் வேகம் குறையும், எழுதாவிட்டால் மறந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 32 எண்களை முன்கூட்டியே ‘கொடுத்தாயிற்று’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பிறகு நினைவகத்திலிருந்து ஒவ்வொன்றாக வழங்குகிறது. நடுவில் விழுந்து எழுந்தால், எதுவரை உண்மையில் கொடுத்தோம் என்று ஆராயாமல் எழுதிவைத்ததற்கு அப்பாலிருந்து தொடங்கும். சில எண்கள் தாண்டிப்போகும். ஒன்றுகூட இரண்டாம் தடவை வராது. எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்தில் சாதாரண ‘இன்ட்’ நிரலுக்கு இந்தத் தாண்டல் 1000 வரை போகும். ஒரு காலையில் 420க்கு அடுத்து 1400களில் நிற்கும் இலக்கத்தைக் கண்டு திடுக்கிட்ட நிர்வாகிகள் உலகமெங்கும் உண்டு. சந்தேகம் வந்தால் தாண்டு, திரும்பக் கொடுக்காதே என்பதுதான் இங்கே நெறி.

இந்த நெறியை மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி நீண்டகாலம் காக்கவில்லை. எண்பொறியை அது நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. மீண்டும் தொடங்கும்போது அட்டவணையில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். கடைசியாக வந்த 420ஐ யாரோ அழித்துவிட்டு, அன்றிரவு கணினியை அணைத்துப் போட்டால், காலையில் முதல் ஆளுக்கு மீண்டும் 420. பழைய 420இன் பெயரில் வேறெங்காவது ஒரு கடன் குறிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அது இப்போது புதியவர் தலையில். இந்தக் குறை அவர்களுடைய வழுப்பட்டியலில் 199ஆம் இலக்கமாக 2003இல் பதிவாகி, 2018இல் பொதுப் பாவனைக்கு வந்த 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. இலக்கம் மீள்பயனுக்கு வருவதைப் பற்றிய குறை, தனக்கென்று ஒரு மாறாத இலக்கத்தைத் தாங்கிப் பதினைந்து ஆண்டுகள் பொறுமையாக நின்றிருக்கிறது.

கைத்தொலைபேசிக்குள் ஓடும் சின்னத் தரவுத்தளமான எஸ்கியூலைட் இங்கே நேர்மையாக இரண்டு வழியைத் திறந்து வைக்கிறது. சும்மா விட்டால் இருப்பதில் பெரியதோடு ஒன்று கூட்டும். கடைசி நிரையை அழித்தால் அதன் எண் திரும்பி வரலாம். ‘ஓட்டோ இன்கிரிமென்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால், இதுவரை எட்டிய உச்சத்தைத் தனி அட்டவணை ஒன்றில் குறித்து வைத்துக்கொள்ளும். உச்ச வரம்பான 9223372036854775807ஐ எட்டிவிட்டால் முன்னது சீட்டுக் குலுக்குவது போல எங்காவது காலியான எண்ணைத் தேடும். பின்னது ‘நிறைந்துவிட்டது’ என்று நின்றுவிடும். யாரும் காணப்போகாத அந்த நாளுக்குக்கூட என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

வட்டில் இந்த நிரைகள் போய் உட்காரும் விதத்திலும் ஒரு ருசி உண்டு. இன்னோடிபி நிரைகளைச் சாவியின் ஒழுங்கிலேயே 16 கிலோபைட் பக்கங்களில் அடுக்குகிறது. ஏறிக்கொண்டே போகும் இலக்கம் என்றால் புதியது எப்போதும் கடைசிப் பக்கத்துக்கே போகும். பதினாறில் பதினைந்து பங்கு நிரம்பியதும் அடுத்த பக்கம். அந்த மிச்சப் பங்கு பின்னாளில் ஏதாவது நிரை நீண்டால் இடம் கொடுக்க. மிளகுச் சாக்கை வாய்வரை நிரப்பாமல் தைப்பதற்கு ஒரு பிடி இடம் விடுவது போல. எழுந்தமான எண்களைச் சாவியாக வைத்தால் புதிய நிரை எங்கோ நடுவில் நிரம்பிய பக்கத்தைத் தேடிப் போகும், பக்கம் இரண்டாகப் பிளக்கும், பாதி காலியாகக் கிடக்கும். எழுந்தமான அடையாளக் குறிகளை விரும்புகிறவர்களே இதை ஒப்புக்கொண்டு, 2024இல் வந்த புதிய தர ஆவணத்தில், முன்பகுதியில் நேரத்தை வைத்து ஏறுமுகமாக வரும் ஏழாம் வகைக் குறியைச் சேர்த்தார்கள். என் பார்வையில் அது ஓட்டோ இன்கிரிமென்ட்டுக்குப் போட்ட கும்பிடு.

பேசாத இந்த இலக்கம் ஓரிடத்தில் மட்டும் உளறிவிடும். வெளியார் கண்ணில் படும்போது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள், கைப்பற்றிய ஜெர்மன் தாங்கிகளின் வரிசை இலக்கங்களை மட்டும் வைத்து மாத உற்பத்தி 246 என்று மதிப்பிட்டார்கள். உளவுத்துறை சொன்னது 1400. போர் முடிந்து ஜெர்மன் ஏடுகளைப் பார்த்தபோது 245. நம் கடை தன் இணைய முகவரியில் கொள்முதல் இலக்கத்தை அப்படியே காட்டினால், திங்கட்கிழமை ஒரு கிலோவும் வெள்ளிக்கிழமை ஒரு கிலோவும் விற்கும் போட்டிக் கடைக்காரர் வாரத்தின் வியாபாரத்தைக் கழித்துப் பார்த்துவிடுவார். 57ஐ 58 என்று மாற்றிப் பார்க்கும் ஆர்வக்காரர் வேறு இருப்பார். அதற்கு மருந்து இலக்கத்தை ஒளிப்பதோடு முடியாது. 58ஐப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா என்று செய்நிரல் கேட்க வேண்டும்.

எட்மண்ட்சன் அட்டை 9999க்குப் பின் 0000க்குத் திரும்பும். நான்கு பைட் ‘இன்ட்’ 2147483647ஐ எட்டினால் திரும்பாது. அடுத்த நிரையை ஏற்க மறுத்துவிடும். 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற பெரிய அமெரிக்க மென்பொருள் சேவை, நிகழ்வுகளைப் பதியும் அட்டவணையின் சாவி இந்த எண்ணில் முட்டியதால் மணிக்கணக்கில் வாசிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று நின்றது. எட்டு பைட் கொடுத்திருந்தால், விநாடிக்கு ஆயிரம் நிரை எழுதினாலும் 29 கோடி ஆண்டு ஓடும்.

ஆகவே பாடசாலையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ முதல் அட்டவணையை அமைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: சாவியை ‘பிக் இன்ட்’ ஆக அறிவியுங்கள், சின்னக் கடையென்று பார்க்காதீர்கள். அடையாள அட்டை இலக்கத்துக்குத் தனி நிரல் வைத்து, இருமுறை வராதபடி கட்டுப்பாடு போடுங்கள். பற்றுச்சீட்டு இலக்கம் கணக்காய்வாளருக்குரியது, இடைவெளி விடக்கூடாது. அதைச் சாவியோடு கலக்காமல் வேறு நிரலில், பரிவர்த்தனை உறுதியாகும் வேளையில் கொடுங்கள். எங்காவது மைஎஸ்கியூஎல் 5.7 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மேம்படுத்திவிடுங்கள். அதற்கான ஆதரவு 2023 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. அது இன்னமும் மின்சாரம் போய் வந்தால் அழித்த இலக்கத்தைத் திரும்பக் கொடுக்கும்.